ஆய்வு நோக்குநிலையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கல்வியியல் ஆய்வேடுகளின் மூன்றாம் இயலில் அடிக்கடி கண்ணில் படும் முரண் இது: 'விளக்கவியல் நோக்கு' (மனிதர்கள் தம் செயலுக்குத் தரும் பொருளைப் புரிந்துகொள்ள முயலும் பார்வை) என்று தலைப்பு, அதன் கீழே ஐந்து புள்ளி அளவுகோலில் 40 கூற்றுகள், பிறகு இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை. வினாநிரலை முதலில் அடித்துவிட்டு, நோக்குநிலையை (பாரடைம், அதாவது எதை, எப்படி அறியலாம் என்ற அடிப்படைப் பார்வை) கடைசியில் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புக் குழந்தைகளின் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள்.

"திட்டத்தால் வாசிப்புத் திறன் கூடியதா?" என்று கேட்டால், திறனை அளந்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், அது பின்நேர்க்காட்சிவாதம் (உண்மையை முழுமையாக இல்லாவிட்டாலும் தோராயமாக அளந்து அறியலாம் என்ற நோக்கு). இங்கே இரண்டு சிக்கல்கள். அரசுப் பள்ளிகளில் மாநிலம் முழுக்க ஒரே சமயத்தில் வந்த திட்டம் என்பதால் ஒப்பீட்டுக் குழு கிடைப்பது அரிது. தனியார் பள்ளியை வைத்து ஒப்பிட்டால் குடும்பப் பின்னணியும் சேர்ந்து மாறிவிடும். அடுத்தது கூறளவு, அதாவது எத்தனை பேரை ஆய்வில் சேர்ப்பது என்பது. நடுத்தர விளைவைக் (குழுக்களுக்கு இடையே 0.5 திட்ட விலக்கம் வேறுபாடு) கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் போதும் என்பது பாடநூல் கணக்கு. 30 பேர் கொண்ட முழு வகுப்புகளாக எடுத்து, ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு (வகுப்புக்குள் ஒற்றுமை) 0.1 என்றால் அந்த 64-ஐ 3.9ஆல் (1 + 29 × 0.1) பெருக்க வேண்டும், குழுவுக்குச் சுமார் 250 பேர். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

"ஒரு குழந்தையை அரும்பிலிருந்து மொட்டுக்கு மாற்றலாம் என்று ஆசிரியர் எதை வைத்து முடிவெடுக்கிறார்?" இது விளக்கவியல் கேள்வி. வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பேச வேண்டும். எளிது என்று நினைத்து இதில் இறங்காதீர்கள்: ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்கவே 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும்.

"அரும்பிலேயே தங்கிவிடும் பிள்ளைகள் யார், ஏன்?" என்று சாதி, வறுமை, வீட்டுமொழி பக்கம் திரும்பினால் விமர்சன நோக்கு. நிலைமையை விவரிப்பதோடு நின்றுவிட்டால் அந்தப் பெயர் பொருந்தாது. அதிகாரத்தைக் கேள்வி கேட்க வேண்டும்.

எண்ணும் வேண்டும், பேச்சும் வேண்டும் என்றால் பயன்வழிவாதம் (கேள்விக்கு எது உதவுமோ அதைக் கையாளும் நோக்கு) கைகொடுக்கும். ஆனால் கலப்பு முறை என்பது முறைதான், நோக்குநிலை அல்ல. இரண்டு தரவுகளும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பதை முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள்.

களத்துக்குப் போகும்முன் ஒரு சோதனை: கேள்வியை மறைத்து, கருவிகளை மட்டும் சக ஆய்வாளரிடம் கொடுங்கள். இவற்றை வைத்து என்ன கேள்விக்கு விடை தேடலாம் என்று கேளுங்கள். அவர் வேறொன்றைச் சொன்னால் கருவியை மாற்றுங்கள்.