தாயகத்தில் இதயக் குழாய் ஸ்கேன்: விடுமுறையின் தொடக்கத்திலேயே எடுங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும்போது சென்னையில் மாஸ்டர் செக்கப் செய்துகொள்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கூடவே இதய ரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனும் எடுப்பதாக இருந்தால் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாளுக்குத் தள்ளாதீர்கள். 70 சதவீத அடைப்பு என்று அறிக்கை வந்தால் நிதானமாக யோசிக்க அவகாசமே இருக்காது.

வந்திறங்கிய மறுநாளும் வேண்டாம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60-65க்குள் இருந்தால்தான் படம் கலங்காமல் விழும். தூக்கமின்மை அதை ஏற்றிவிடும். 12 மணி நேரத்துக்கு முன்பே காபி, டீயை நிறுத்துங்கள். துடிப்பைக் குறைக்க மெட்டோபுரோலால் தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். குழாயை விரிக்க நாக்கடியில் நைட்ரோகிளிசரின் கொடுப்பார்கள். ஆண்மைக் குறைபாட்டுக்கான மாத்திரைகளான சில்டெனாஃபிலை முந்தைய 24 மணி நேரத்திலோ டாடலாஃபிலை 48 மணி நேரத்திலோ எடுத்திருந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியலாம். உறவினர் பக்கத்தில் நிற்கிறாரே என்று இதை மட்டும் மறைக்காதீர்கள். குழாய்கள் படத்தில் தெரிவதற்காக ஊசியில் செலுத்தும் அயோடின் மருந்து ஏறும்போது உடம்பு சுடும், சிறுநீர் கழிந்துவிட்டதுபோலத் தோன்றும், அது இயல்பு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை முன்னதாக வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் ஸ்கேனுக்குப் பிறகு 48 மணி நேரம் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்வார்கள்.

எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குப் பெரும்பாலும் குழாய்ச் சுவரில் படிந்த கால்சியத்தை மட்டும் அளக்கும், மருந்து ஏற்றாத கால்சியம் ஸ்கோர் ஸ்கேனே போதும். நடந்தால் நெஞ்சு இறுகுகிறவர் மட்டும் ஸ்கோர் 0 என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மென்மையான கொழுப்புப் படிவு அதில் தெரியாது.

இனி அறிக்கையில் வரும் அந்த அடைப்புச் சதவீதம். கால்சியம் படத்தில் ஊதித் தெரிவதால் அடைப்பு இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும். குழாயைத் திறந்து வைக்க முன்பே பொருத்திய, 3 மி.மீ.க்குக் குறைந்த விட்டமுள்ள ஸ்டென்டின் உள்பக்கமும் தெளிவாகத் தெரியாது. அடைப்பால் ரத்த ஓட்டம் குறைகிறதா என்பதை இதயத்தை வேகமாக இயங்க வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் எக்கோவோ, குழாய்க்குள் கம்பி செலுத்தி அளக்கும் எஃப்.எஃப்.ஆர். அளவோ சொல்லும், எஃப்.எஃப்.ஆர். 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால்தான் அடைப்பு ஓட்டத்தைத் தடுக்கிறது என்று கொள்வார்கள். 2020இல் வெளியான 'இஸ்கீமியா' என்ற ஆய்வில், நிலையான இதயநோய் உள்ளவர்களுக்கு உடனே ஸ்டென்ட், பைபாஸ் என்று போனது மருந்துச் சிகிச்சையைவிட உயிரிழப்பைக் குறைக்கவில்லை. இடது பிரதானக் குழாய் அடைப்பு இதில் சேராது. அதை ஆறப்போடக் கூடாது. மற்றபடி "ஸ்டென்டை இன்றே வைத்துவிடலாம்" என்றால், இன்னொரு இதய மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

ஓய்விலும் நெஞ்சுவலி, வியர்வை என்றால் ஸ்கேனுக்கு நேரம் கேட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

வெளிநாடு திரும்புமுன் அறிக்கையோடு மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு வடிவமான டைகாமில் முழுப் படப்பதிவையும் வாங்குங்கள். அது திறக்கிறதா என்று ஸ்கேன் மையத்திலேயே பாருங்கள். அச்சிட்ட நாலு படத்தை வைத்து வெளிநாட்டிலுள்ள உங்கள் மருத்துவரால் மறுபடி அளக்க முடியாது.