சிபிடி விளம்பரங்களை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 2018 டிசம்பரில் வந்த வேளாண் சட்டம், டிஎச்சி என்னும் போதைப்பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டாத கஞ்சாச் செடியை ஹெம்ப் என்று வகைப்படுத்தித் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதன்பின், அச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கன்னாபிடியால், அதாவது சிபிடி, எண்ணெயாகவும் மிட்டாயாகவும் பெட்ரோல் பங்க் கடைகள் வரை வந்து சேர்ந்தது. மறு ஆண்டு கேலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் 14 சதவீத அமெரிக்கர்கள் அதைப் பயன்படுத்துவதாகக் கூறினர். அவர்கள் சொன்ன காரணங்களில் முதலிடம் வலிக்கு, அடுத்தவை பதற்றமும் தூக்கமின்மையும். இம்மூன்றில் எதற்கும் சிபிடியை மருந்தாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அங்கீகரிக்கவில்லை.

விளம்பரங்களில் பலவும் சிபிடியை மருந்து என்று வெளிப்படையாகச் சொல்வதும் இல்லை. “மன அமைதிக்குத் துணைபுரியும்” என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. அதைப் பதற்ற நோய்க்கான சிகிச்சை என்று முடித்துவைப்பது வாசிப்பவரின் மனமே. முதல் தவறு இதுதான். “இக்கூற்றுகளை எஃப்டிஏ மதிப்பிடவில்லை” என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரி இதைத் திருத்திவிடும் என நம்புவதற்கில்லை. பலர் அதைப் படிப்பதில்லை; படிப்பவரிலும் அரசு நிறுவனத்தின் பெயரைக் கண்டு நிம்மதி அடைபவர் இருக்கக்கூடும். மேலும் அந்த வாசகம் துணை உணவுப் பொருள்களுக்காக 1994ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. சிபிடியைத் துணை உணவாக விற்க முடியாது என்பதே எஃப்டிஏவின் நிலைப்பாடு. இரவல் சட்டை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

இன்னும் பெரிய தவறு, மருந்தின் நற்பெயரை மிட்டாய்க்குக் கொடுப்பது. எபிடியோலெக்ஸ் என்னும் சிபிடி மருந்தை 2018 ஜூனில் எஃப்டிஏ அங்கீகரித்தது உண்மை. ஆனால் அன்றைய அங்கீகாரம் லெனாக்ஸ்-கஸ்டோ, டிராவே ஆகிய இரு அரிய வலிப்பு நோய்களுக்கு மட்டுமே; மருந்தும் மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படுவது. கணக்கைப் பாருங்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம், நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் தரப்படுகிறது. தொடங்குமுன்னும் 1, 3, 6ஆம் மாதங்களிலும் கல்லீரல் நொதிகளைப் பரிசோதிக்கிறார்கள். 25 மில்லிகிராம் மிட்டாய் ஒன்றைத் தின்பவருக்கு அந்த ஆய்வுகளின் பலன் பொருந்தும் என்பதற்கு ஆதாரமில்லை. அதற்காக எட்டு மிட்டாய் தின்றால் ஆயிற்று என்று எண்ணுவது அதைவிட ஆபத்து: பிரிட்டனின் உணவுத் தர முகமை, உடல்நலமுள்ள பெரியவர்களே நாளுக்கு 10 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என 2023இல் அறிவுறுத்தியது.

புட்டியின் முகப்பில் பெரிதாக இருக்கும் “1000 மி.கி.” என்பதை ஒரு வேளைக்கான அளவாக எடுத்துக்கொள்வோரும் உண்டு. 30 மில்லிலிட்டர் புட்டியில் அது மொத்த அளவு. மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 33 மில்லிகிராம்தான். அந்த எண்ணும் சரியாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. இணையத்தில் வாங்கிய 84 பொருள்களைச் சோதித்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் 26 மட்டுமே லேபிளில் சொன்ன அளவோடு பொருந்தின. 18இல் டிஎச்சி இருந்தது. பணியிடத்தில் போதைப்பொருள் சோதனைக்கு உட்படுபவருக்கு இது வேலையையே பறிக்கக்கூடிய செய்தி.

“இயற்கையானது” என்ற சொல்லைப் பக்கவிளைவு அற்றது என்று பெயர்த்துக்கொள்வதும் பிழையே. ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவருக்கு, சிபிடி அம்மருந்தின் அளவை ரத்தத்தில் உயர்த்தக்கூடும். முழங்கால் வலி போயிற்று என்று ஒருவர் காணொளியில் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வலி தானாகவும் தணியும், நம்பிக்கையாலும் தணியும். ஹெம்ப் விதை எண்ணெயைச் சிபிடி எண்ணெய் என்று வாங்குவது தனி வேடிக்கை: விதையில் சிபிடி ஏறக்குறைய இல்லை.

“ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது” என்ற முத்திரையைக் கண்டால், சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள தொகுப்பு எண்ணும் கையிலுள்ள புட்டியின் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒன்றாகவே இருந்தாலும் அது சொல்வது புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே. வலி தீருமா என்பதை அன்று.