எலீட் ரன்னரா? முதலில் வகுத்துப் பாருங்கள்

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா என்னைப் பக்கத்து இலைக்காரருக்கு அறிமுகப்படுத்தினார்: "இவன் எலீட் மாரத்தான் ரன்னர்." வாயிலிருந்த ஜாங்கிரி உள்ளே இறங்கவில்லை. எனக்கு வயது 51. என் சிறந்த நேரம் 3 மணி 52 நிமிடம். மெடல் போட்டோவைப் பார்த்து ஏமாறுகிற எல்லாச் சித்தப்பாக்களுக்கும், ஒருவர் எலீட்தானா, அதாவது முதல் வரிசைப் போட்டி ஓட்டக்காரர்தானா என்று கண்டுபிடிக்கிற வழியை எழுதி வைக்கிறேன்.

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். முடித்த நேரத்தை நொடியாக்கி அந்த எண்ணால் வகுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று வரும். நாங்கள் பேஸ் என்று சொல்வது இதைத்தான். எனக்கு ஐந்தரை நிமிடம். மூன்று மணி நேரத்தில் முடிக்க 4:16, அதாவது 4 நிமிடம் 16 நொடி வேண்டும். பெசன்ட் நகரில் காலையில் அப்படி ஓடுகிறவர் வந்தால் நாங்களே ஒதுங்கி வழிவிடுவோம். அவரும் எலீட் இல்லை. 2024 ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்க அமெரிக்கா நடத்திய தேர்வு ஓட்டத்தில் கலந்துகொள்ளவே ஆண்களிடம் 2:18, அதாவது 2 மணி 18 நிமிடம் கேட்டார்கள், பெண்களிடம் 2:37. 2:18 என்றால் பேஸ் 3:16. என் கணக்கில் எலீட்டின் வாசற்படி அங்கேதான். பாரிஸ் ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரம் இன்னும் கடுமை: ஆண்களுக்கு 2:08:10, பெண்களுக்கு 2:26:50.

எண்ணாகப் படித்தால் உறைக்காது. 400 மீட்டர் டிராக் உள்ள மைதானத்துக்குப் போங்கள். 2023 அக்டோபரில் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2:00:35 ஓடினார். அது ஒரு சுற்றுக்கு 69 நொடிக்கும் குறைவு. நான் நன்றாக வார்ம் அப் செய்துவிட்டு, உயிரைக் கொடுத்து ஒரே ஒரு சுற்று ஓடினேன். 88 நொடி. அப்புறம் புல்லில் மல்லாந்துவிட்டேன். அவர் ஓடியது அப்படி நூற்றைந்து சுற்றுக்கும் மேல். சுற்று வேண்டாம் என்றால் 100 மீட்டரை 17 நொடியில் ஓடிப் பாருங்கள், போதும்.

சரி, நேரம் நன்றாக இருக்கிறது. எந்தப் பாதையில் ஓடியது? இதைக் கேட்காமல் யாரையும் நம்பாதீர்கள். முறையாகச் சான்று பெற்ற பாதையை, சக்கரச் சுற்றை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டிலேயே அளப்பார்கள். தப்பித்தவறியும் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் வைப்பார்கள். நாம் வளைவுகளில் அகலமாகத் திரும்புவதால் தூரம் அளக்கும் ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் பெரும்பாலும் 42.5 கிலோமீட்டர் போலக் காட்டும். ஒரு ஊரில் நான் 3:44 ஓடிச் சந்தோஷப்பட்டேன். கடிகாரத்தில் 41.3. கூட ஓடிய எல்லோருக்கும் அதே கதை. அந்த மெடல் இப்போது மாவு டப்பாவின் மூடி மேல் பாரமாக இருக்கிறது.

சரியான தூரமாக இருந்தாலும், இறக்கம் அதிகமென்றாலோ தொடக்கமும் முடிவும் வெகுதூரம் தள்ளி இருந்தாலோ உலக சாதனையாக ஏற்க மாட்டார்கள். 2011இல் பாஸ்டனில் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02 ஓடினார், அன்றைய உலக சாதனையைவிட வேகம். ஆனால் அந்தப் பாதை ஓர் ஊரில் தொடங்கி வேறோர் ஊரில் முடிகிறது, இறக்கமும் விதியை மீறுகிறது. பாவம், கணக்கில் வரவில்லை.

போட்டி நாளில் வேறு அடையாளங்களும் தெரியும். எலீட்டுகள் கூட்டத்துக்கு முன்னால் தனியாகத் தொடங்குவார்கள். நமக்கு, மேலே மாட்டியிருக்கும் நேரம் குறிக்கும் சிப் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து நேரம் ஓடும், அவர்களுக்குத் துப்பாக்கிச் சத்தத்திலிருந்தே. வழியில் அவரவர் கலந்து கொடுத்த பாட்டில் மேசையில் காத்திருக்கும். நாம் பிளாஸ்டிக் கப்பை நசுக்கி, பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொள்வோம். முக்கியமான வித்தியாசம், நாம் பணம் கட்டி ஓடுகிறோம், அவர்களில் பெரிய பெயர்களுக்கு வருவதற்கே பணம் கொடுக்கிறார்கள்.

எந்த அளவில் எலீட் என்பதையும் கேட்க வேண்டும். ஷிவ்நாத் சிங் 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் பதினோராவதாக வந்தவர். 1978இல் ஜலந்தரில் 2:12:00 ஓடினார். நாற்பது ஆண்டுக்கு மேல் இந்தியாவில் ஒருவராலும் அதை அசைக்க முடியவில்லை. ஆனால் அந்த 2:12:00 பாரிஸுக்கான நேரடித் தகுதிக்குப் போதாது. அவரை எலீட் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாட்டின் எலீட், உலகத்தின் எலீட் என்று பிரித்துச் சொல்வதே நியாயம்.

நம்மைப் போன்றவர்களுக்கு வயதுக் கணக்கு ஒன்று உண்டு. உங்கள் வயதுக்கு வைத்திருக்கும் மிக வேகமான நேரத்தை உங்கள் நேரத்தால் வகுத்துச் சதவீதமாக்குவது. இணையத்தில் கால்குலேட்டர் கிடைக்கும். 90க்கு மேல் உலகத்தரம், 80 தேசியத்தரம், 70 வட்டாரத்தரம், 60 உள்ளூர்த்தரம். நான் 60ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கிறேன்.

இவ்வளவையும் சித்தப்பாவுக்குப் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ இனிமே உள்ளூர் எலீட்னு சொல்லிக்கிறேண்டா" என்றார்.