புகாரா பஜார்ல சுசானி வாங்கப் போறீங்களா?

உஸ்பெகிஸ்தான் புகாரால 16-ம் நூற்றாண்டுல கட்டின குவிமாட பஜார்கள் இன்னும் இருக்கு, டோக்கி சர்கரோன் நகைக்காரங்களுக்கு, டோக்கி டெல்பாக் ஃபுருஷோன் தொப்பிக்காரங்களுக்குனு கட்டினது, இப்போ எல்லாத்துலயும் எல்லாமே விக்கிறாங்க. முதல் நாள் எதையும் வாங்காதீங்க, சும்மா சுத்திப் பாத்து விலை மட்டும் கேளுங்க.

சுசானின்னா பூ எம்ப்ராய்டரி போட்ட பெரிய துணி, பாரசீகத்துல 'சூசன்'னா ஊசி. வாங்குறதுக்கு முன்னாடி கண்டிப்பா திருப்பிப் போட்டுப் பாருங்க. கைத்தையல்னா பின்னாடி முடிச்சு, நூல் தாண்டிப் போனது எல்லாம் தெரியும், மெஷின்னா ஒரே சீரா இருக்கும். பழைய முறைல துணியைப் பட்டை பட்டையா பிரிச்சு தனித்தனியா தைச்சு அப்புறம் ஜாயின் பண்ணுவாங்க, அதனால ஒட்டுற இடத்துல பூவோட பாதி கொஞ்சம் விலகி நிக்கும். அதை டேமேஜ்னு நினைச்சு ஒதுக்கிடாதீங்க, எனக்கு அதுதான் அதுல ரொம்பப் பிடிச்ச இடமே.

அத்ராஸ்னு ஒரு துணியும் அங்க கிடைக்கும், அதுல பாவு (நீளவாட்டு நூல்) பட்டு, ஊடு (குறுக்கு நூல்) பருத்தி. நூலுக்கே சாயம் ஏத்தி நெய்யறதால பின்பக்கமும் டிசைன் தெளிவா தெரியணும், வெளிறிப் போயிருந்தா அது பிரின்ட்.

நாரை வடிவக் கத்தரிக்கோல் வாங்கினா அங்கயே துணி வெட்டிப் பாருங்க, ஃப்ளைட்ல செக்-இன் பேக்ல வைங்க.

பேரம் பேசலாம், ஆனா மாசக்கணக்கா தைச்சவங்ககிட்ட அடிமாட்டு விலைக்குக் கேக்காதீங்க ப்ளீஸ். ரொம்பப் பழசுன்னா நாட்டை விட்டு வெளிய கொண்டுபோக முடியுமா, சர்டிபிகேட் வேணுமான்னு காசு குடுக்குறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க.