கோடங்கியைக் கோமாளி ஆக்காதீர்கள்: பேய்க்கதையில் சிரிப்பைக் கலப்பவர்கள் செய்யும் தவறுகள்

வாரம் ஒரு கதை என்று ஓடும் திகில் தொடர்களுக்குக் கதை எழுத வரும் புதியவர்கள் பலர் நாட்டார் கதைகளை எடுக்கிறார்கள். அதில் சிரிப்பையும் சேர்க்கப் பார்க்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அவர்களுடைய ஸ்கிரிப்டைப் படித்தால், நாங்கள் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகள் வரிசையாக வருகின்றன. வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், திடீரென்று அலறும் பின்னணி இசை பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை அலுத்துவிட்டன என்று எல்லாருக்கும் தெரியும்.

பாட்டி சொல்லும் முன்கதை

அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக ஏறக்குறைய 22 நிமிடம் கிடைக்கும். ஒவ்வொரு வாரமும் புது ஆட்கள். போன வாரம் பார்த்துப் பழகிய முகம் ஒன்றுகூட இருக்காது. அப்படியிருக்க, முதல் நான்கு நிமிடத்தைத் திண்ணையில் உட்கார்ந்த பாட்டிக்குக் கொடுத்து, "அந்தக் காலத்துல..." என்று ஆரம்பித்தால் யார் பார்ப்பார்கள்?

நம்பிக்கையைச் சண்டையாக மாற்றுங்கள். ராத்திரியில் கறிக்குழம்பு எடுத்துப் போனால் பேய் அண்டாமலிருக்கக் கூடவே ஒரு கரித்துண்டு வைத்துவிடுவது பல ஊர்களில் இன்றும் உள்ள வழக்கம். மாமியார் வீட்டிலிருந்து கிளம்பும் மருமகன் தூக்குவாளியைத் திறந்து பார்க்கிறான். "இதென்னடி, உங்கம்மா குழம்பு மேல அடுப்புக்கரியைப் போட்டு வச்சிருக்காங்க?" பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்குக் கோபம் வருகிறது. பேச்சு அவனுடைய தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடன்வரை போகிறது. ஆத்திரத்தில் அவன் கரியை எடுத்து வீசிவிடுகிறான். சிரித்துக்கொண்டே பார்ப்பவருக்கு ஒரே நிமிடத்தில் அந்த இரண்டு பேரையும் தெரிந்துவிட்டது, நம்பிக்கையும் தெரிந்துவிட்டது. அப்புறம் புளியந்தோப்பு தாண்டும்போது வாளியின் எடை குறைய ஆரம்பித்தால் போதும்.

கோடங்கியைக் காமெடியனிடம் கொடுப்பது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடங்கியோ, பேயோட்டும் பூசாரியோ, மலையாள மந்திரவாதியோ, கதையில் வந்தவுடனே "இவர் போலி, பேயைப் பார்த்ததும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்" என்று எழுதிவிடுகிறார்கள். முதல் முறை சிரிப்பு வரும். பிரச்சினை அதற்குப் பிறகுதான்.

நாட்டார் பேய்க்கதையில் பயம் விதிகளில் இருக்கிறது. பின்னால் கூப்பிட்டால் திரும்பாதே. சுண்ணாம்பு கேட்டால் கையால் கொடுக்காதே. இந்த விதியைச் சொல்லும் ஆளைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டால், அவர் சொன்ன விதியும் செத்துப்போகிறது. கிளைமாக்ஸில் அதே ஆள் வந்து நடுங்கும் குரலில் எச்சரித்தாலும், பார்ப்பவர் அடுத்த ஜோக்குக்குக் காத்திருப்பார்.

நான் எழுதிய ஒரு எபிசோடில் கோடங்கி ஒரு இடத்தில்கூடச் சிரிக்கமாட்டார். அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். படப்பிடிப்பில் அந்த வேடம் பிரபலமான நகைச்சுவை நடிகருக்குப் போனது. விக் கழன்று விழுவது, உடுக்கு கிழிவது என்று இரண்டு காட்சிகள் சேர்ந்துகொண்டன. பிரிவியூவில் எல்லாரும் அவற்றுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசிக் காட்சியில், கிணற்றடியில் நிற்கும் பெண்ணைப் பார்த்து அவர் "திரும்பாதே தாயி" என்றபோதும் அதே சிரிப்பு. எட்டு மாதக் குழந்தையோடு கிணற்றில் விழுந்து செத்தவளின் காட்சி அது. செட்டைப் பிரித்தாகிவிட்டது, நடிகரின் கால்ஷீட்டும் முடிந்துவிட்டது. சிரிப்புக் காட்சிகளை வெட்டினார்கள். நேரம் குறைந்தது. குறைந்த நேரத்தை நிரப்ப மறுபடி ஒருநாள் படப்பிடிப்பு. அந்தச் செலவை அடுத்த கதையின் பட்ஜெட்டிலிருந்து பிடித்தார்கள். அந்தக் கதையில் எங்களுக்கு வேண்டியிருந்த மழைக் காட்சி அப்படித்தான் போனது.

சிரிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் பாகவத மேளா என்ற கோயில் நாட்டிய நாடகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாடகத்தைத் தொடங்கி வைப்பதே கோணங்கி என்ற கோமாளிதான். அவர் ஆடிச் சிரிக்கவைத்துவிட்டுப் போய்விடுவார். பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மம் வரும் நேரத்தில் அங்கே யாரும் விளையாடமாட்டார்கள். முகமூடிக்குப் பூஜை நடந்திருக்கும், அதைப் போடுபவர் விரதம் இருந்திருப்பார், ஆவேசம் வந்தால் பிடித்துக்கொள்ள ஆட்கள் பக்கத்தில் நிற்பார்கள். கோணங்கி ஒரு ஆள், நரசிம்மம் வேறு ஆள். இருவரையும் ஒரே உடம்பில் போடுவதுதான் நம் தொடர்கள் செய்வது.

கோடங்கியை அப்படியே விட்டுவிட்டு, சிரிப்பை அவர் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுங்கள்.

"கருப்புச் சேவல் கிடைக்கலைங்க சாமி. பிராய்லர் போதுமா?"

"எனக்குப் போதும். அது கேட்டது கருப்பு."

சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. கோடங்கியின் மரியாதையும் குறையவில்லை.

காவல் தெய்வத்தைப் பேயாக்குவது

சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் தென்மாவட்டங்களில் ஆண்டுதோறும் கொடை விழா நடக்கிறது. அவர்கள் பெயரைத் தன் பிள்ளைக்கு வைத்திருக்கும் வீட்டில்தான் உங்கள் எபிசோடும் ஓடும். பேய் வேண்டுமென்றால் பெயரில்லாத ஒன்றை எடுங்கள். ஊரைக் காக்கும் சாமியைக் கொலைகார உருவமாக்கி, அதை வைத்து ஜோக்கும் அடித்தால் அந்த வீட்டில் சேனல் மாறும். மாறுவதும் நியாயம்தான்.

செத்த விதத்தில் ஜோக்

கூடவே கூடாது. முத்துப்பட்டன், காத்தவராயன், நீலி என்று நாட்டார் கதைகளில் தெய்வமாகவோ பேயாகவோ திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் அநியாயமாகச் செத்தவர்கள்.

பேய்க்குத் தேவை இல்லாமல் விடுவது

பேயே சிரிக்கவைக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. 12ஆம் நூற்றாண்டிலேயே செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் செய்திருக்கிறார். அங்கே பேய்கள் காளியிடம் போய்ப் பசி தாங்கவில்லை என்று முறையிடுகின்றன. இமயத்தில் வித்தை கற்றுவந்த கிழட்டுப் பேய் ஒன்று இந்திரசாலம் காட்ட, மாயப் போர்க்களத்தை நிஜமென்று நம்பிப் பாய்ந்து, இல்லாத ரத்தத்தை அள்ளுகின்றன. கடைசியில் உண்மையான போர்க்களத்தில் கூழ் சமைக்கும்போது குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் பார்த்துப் பரிமாறச் சொல்கின்றன. பந்திச் சண்டை போலவே இருக்கும். ஆனால் பானையில் வேகுவது செத்த வீரர்களின் உடல்.

அந்தப் பேய்களின் பசி உண்மை. அதனால் சிரிப்பும் உண்மை, குமட்டலும் உண்மை. புதியவர்கள் எழுதும் வேடிக்கைப் பேய்க்கு எந்தத் தேவையும் இருப்பதில்லை. செல்ஃபி எடுக்கிறது, சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறது. அதற்கு என்ன வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஒரு வாய் வெற்றிலையாகக்கூட இருக்கலாம். அது கிடைக்காதவரை பேய் விடாது என்றால் காட்சி தானே நகரும்.

ஊரைக் குழப்புவது

தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்தில் வில்லுப்பாட்டு வைக்காதீர்கள், அங்கே தெருக்கூத்து. வில் தெற்கே.

பதிவு செய்த சிரிப்பொலி

வேண்டாம்.

இடைவேளைக்கு முன் ஜோக்

சிரித்து முடித்தவர் கை ரிமோட்டுக்குப் போகும். இடைவேளைக்கு முந்தைய ஷாட்டில் பயத்தை வையுங்கள்: வாளியைத் திறக்கிறான், உள்ளே எலும்பு மட்டும். விளம்பரம் முடிந்து வந்ததும் முதல் வரி சிரிப்பாக இருக்கட்டும். "நான் அப்பவே சொன்னேன், அந்தக் கரியை எடுக்காதீங்கன்னு" என்று மனைவி ஆரம்பிக்கலாம். அவள் திட்டி முடிப்பதற்குள் வாளி மறுபடி கனக்க வேண்டும்.