ராமேஸ்வரத்து வானில் ஓசோன் தேறுகிறதா? எக்செல்லில் பார்க்கலாம் வாங்க

ஓசோன் படலம் தேறி வருகிறது என்று செய்திகளில் படிக்கிறோம். செயற்கைக்கோள் தரவை வைத்து அதை நாமே சரிபார்க்க ஒரு கணினியும் எக்செல்லும் போதும். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்: ராமநாதபுரம் கடற்கரைக்கு மேலே மட்டும் தேடினால் மீட்சி கண்ணில் படாது. ஏன் என்று புரிந்துகொள்வதில்தான் பாதிப் பாடம் இருக்கிறது.

முதலில் அளவு. ஓசோனை டாப்சன் அலகில் சொல்வார்கள். தலைக்கு மேலே உள்ள ஓசோனை எல்லாம் தரைமட்ட அழுத்தத்தில், 0 டிகிரியில் அமுக்கினால் 3 மில்லிமீட்டர் கனம் வரும் என்றால் அது 300 டாப்சன். நம் பக்கம் பொதுவாக அதற்குக் கீழேதான்.

படி 1. நாசாவின் ஜியோவானி தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, ஆரா செயற்கைக்கோளின் ஓஎம்ஐ கருவி தரும் மொத்த ஓசோனைத் தேர்ந்தெடுங்கள். இடத்துக்கு 78, 9, 80, 10 என்று கொடுங்கள். மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு என்பது வரிசை. தொண்டி, வாலிநோக்கம், தனுஷ்கோடி எல்லாம் உள்ளே வந்துவிடும். 2004 அக்டோபரிலிருந்து தரவு உண்டு.

தினசரி எண்களை மாதச் சராசரியாக்குங்கள். பூமியில் பட்டுத் திரும்பும் புறஊதாக் கதிரைத்தான் கருவி அளக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைமேகத்துக்குக் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. அந்தப் பங்கை மதிப்பிட்டுச் சேர்க்கிறார்கள். ஒற்றை நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 2. எல்லா ஜனவரிகளின் சராசரியை ஒவ்வொரு ஜனவரியிலிருந்தும் கழியுங்கள். மற்ற மாதங்களுக்கும் அப்படியே. பருவ ஏற்ற இறக்கம் போய்விடும்.

படி 3. இப்போதும் கோடு ஆடும். நம் கடற்கரையில் வாடையும் கச்சானும் மாறி மாறி அடிப்பது போல, பூமத்தியரேகைக்கு மேலே அடுக்குமண்டலத்தில் (ஓசோன் படலம் இருக்கும் காற்றடுக்கு) கிழக்குக் காற்றும் மேற்குக் காற்றும் சுமார் 28 மாதச் சுற்றில் மாறுகின்றன. ஓசோனும் கூடவே ஏறி இறங்கும். 28 மாத நகரும் சராசரி போட்டால் பெரும்பாலும் அடங்கும். 11 ஆண்டுச் சூரியச் சுழற்சியால் வரும் ஏற்ற இறக்கம் அப்படி எளிதில் அடங்காது.

படி 4. பழைய தரவு வேண்டும். நிம்பஸ்-7 செயற்கைக்கோள் 1978 முதல் 1993 வரை அளந்தது; எர்த் புரோப் செயற்கைக்கோள் 1996-இல் வந்தது, ஆனால் 2000-க்குப் பிறகு அதன் அளவுத்திருத்தம் கெட்டது. இரண்டு கருவிகள் ஒரே காலத்தில் அளந்த மாதங்களை ஒப்பிட்டு வித்தியாசத்தைச் சரிசெய்யாமல் ஒட்டினால், கருவி மாறியதே மீட்சி மாதிரித் தெரியும். தொடக்கத்தில் இந்த வேலை வேண்டாம். எஸ்பியுவி என்ற ஓசோன் அளக்கும் கருவிகளின் தரவை நாசாவே இணைத்துத் தரும் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5. 1997-க்கு முன், பின் எனத் தனித்தனியாகச் சரிவு (slope, அதாவது கோடு ஆண்டுக்கு எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பது) கணக்கிடுங்கள். அடுக்குமண்டலத்தில் ஓசோனை அழிக்கும் குளோரின் உச்சம் தொட்டது ஏறக்குறைய அப்போதுதான். நம் அட்சரேகையில் இரண்டு சரிவும் சுழியத்தை ஒட்டியே வரும். குளோரின் அதிகம் கெடுத்தது துருவங்களையும் 40 கிலோமீட்டர் உயரத்தையும். நம் ஓசோனில் பெரும்பகுதி அதற்குக் கீழே இருக்கிறது.

சரி, மீட்சி எங்கே? இதே கணக்கை அண்டார்டிகாவின் செப்டம்பர் மாதங்களுக்குப் போடுங்கள். அங்கே 2000-இலிருந்து பாருங்கள், குளோரின் உச்சம் அங்கே சற்றுத் தாமதம். 2019-இல் ஓசோன் ஓட்டை மிகச் சிறியதாக இருந்ததற்குக் காரணம் அடுக்குமண்டலம் திடீரெனச் சூடானது, மீட்சி அல்ல. அந்த ஆண்டைச் சேர்த்து ஒருமுறை, விட்டுவிட்டு ஒருமுறை கணக்கிடுங்கள். இரண்டு முறையும் சரிவு அதன் புள்ளியியல் பிழையைப் (standard error) போல இரு மடங்குக்கு மேல் வந்தால் மட்டும் ‘ஏறுகிறது’ என்று எழுதுங்கள்.