வயிற்றுவலி: சோடா வாங்கிக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வயிறு வலிக்கிறது என்றால் "வாயுவா இருக்கும்", "சூடு பிடிச்சிருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனாலும் சோடாவோ பெருங்காயமோ கொடுப்பதற்கு முன், வலி எங்கே தொடங்கியது, இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அதிகம் தவறவிடப்படுவது குடல்வால் அழற்சி, அதாவது அப்பெண்டிக்ஸ் வீக்கம். முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமான வலி வரும், சாப்பாடு பிடிக்காது, பிறகு குமட்டலோ வாந்தியோ வரும். வயிற்றைக் கெடுத்துக்கொண்டதில் வழக்கமாக வாந்தி முந்தும், இதில் வலி முந்தும். 12 முதல் 24 மணி நேரத்தில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். வீக்கம் வயிற்றின் உள்சுவர்ச் சவ்வைத் தொட்டதும்தான் இடம் துல்லியமாகத் தெரிகிறது. தொப்புளிலிருந்து வலது இடுப்பெலும்பின் முன் முனைக்கு ஒரு கோடு போட்டால், எலும்புப் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வலி உச்சமாக இருக்கும். இருமினால் சுருக்கென்று குத்தும். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்க வேண்டாம். விளக்கெண்ணெய், பேதி மாத்திரை கூடவே கூடாது, குடல்வால் வெடிக்கலாம். வலி திடீரென்று குறைந்தாலும் வெடித்ததன் அடையாளமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அறுவை சிகிச்சைக்கு வெறும் வயிறு வேண்டும், வழியில் எதுவும் ஊட்டாதீர்கள்.

சிறுநீரகக் கல் இதற்கு நேரெதிர். குடல்வால் நோயாளி அசையாமல் கிடப்பார், கல் உள்ளவர் புரண்டு புரண்டு துடிப்பார். வலி விலாவின் பின்புறம் தொடங்கி அடிவயிறு, தொடை இடுக்கு வரை பாயும், சிறுநீர் சிவக்கலாம்.

பிரியாணி, பரோட்டா சாப்பிட்ட சில மணி நேரத்தில் வலது மேல்வயிற்றில் பிடித்து, வலது தோள்பட்டைக்கும் போனால் பித்தப்பைக் கல்லைச் சந்தேகியுங்கள். மேல்வயிற்று வலி முதுகுக்கு ஊடுருவி, முன்னால் குனிந்தால் சற்றுக் குறைகிறதா? கணைய அழற்சியாக இருக்கலாம், குடிப்பழக்கம் உள்ளவர்கள் அலட்சியம் செய்யவே கூடாது. நெஞ்சுக்குழி எரிச்சல் பெரும்பாலும் அமிலமோ புண்ணோதான். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் தினமும் விழுங்குபவர்களுக்குப் புண் வரும் வாய்ப்பு அதிகம். மலம் தார்போலக் கறுத்தால் உள்ளே ரத்தம் கசியலாம்.

40 வயதைத் தாண்டியவருக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிக்கு, "கேஸ்" போன்ற மேல்வயிற்று வலியோடு வியர்வையும் மூச்சிரைப்பும் வந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். ஈசிஜி எடுக்காமல் வீடு திரும்பாதீர்கள்.

மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலியும் மயக்கமும் வந்தால், கரு கருப்பைக்குள் போகாமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம், 108-ஐ அழையுங்கள். பையன்கள் கூச்சத்தால் "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொல்வார்கள், விதைப்பையிலும் வலியா என்று கேளுங்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் அதைக் காப்பாற்ற ஏறக்குறைய 6 மணி நேரம்தான் இருக்கிறது.